இரண்டு உலை, ஒரு வளவு

எங்கள் வீட்டில் காலை 5 மணிக்கு இரண்டு அடுப்புகள் எரியும். இரண்டாங்கட்டின் கீழைப்பக்கத்து அடுப்படி என்னுடையது. சுவர் ஒன்று குறுக்கே நிற்க, அதற்கு அடுத்தது என் மாமியாருடையது. அவர் தமக்கு மட்டும் ஓர் உழக்கு அரிசி களைந்து வைப்பார். நான் எங்கள் நால்வருக்கு வைப்பேன். ஒரே முகப்பில் நுழைந்து, ஒரே முற்றத்து வெயிலில் வடகம் காயவைத்து, ஒரே கிணற்றுத் தண்ணீரைப் புழங்கும் குடும்பம் இரண்டு உலை வைப்பதைப் பார்க்கும் வெளியூர்த் தோழிகள், மாமியாருக்கும் மருமகளுக்கும் ஏதோ மனத்தாங்கல் என்று எண்ணி, என்னைத் தனியே அழைத்து மெல்ல விசாரித்ததுண்டு. மனத்தாங்கல் ஏதுமில்லை. செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் இது வழிவழியாக வந்த ஏற்பாடு. மகனுக்குத் திருமணமாகிச் சில காலம் சென்றதும், பாத்திர பண்டமும் அரிசி பருப்பும் கொடுத்து, அதே வீட்டுக்குள் தனி அடுப்பு வைத்துக் கொடுப்பார்கள். ‘வேறு வைப்பது’ என்று இதைச் சொல்வோம். கோயில் கணக்கில் மணமான ஒவ்வோர் இணையும் ஒரு ‘புள்ளி’யாக எண்ணப்படுவதுபோல், வீட்டுக்குள்ளும் அவர்கள் தனிக் குடித்தனம்தான். முற்றமும் அதைச் சுற்றிய தூண் தாழ்வாரமும் சேர்ந்த ‘வளவு’ மட்டும் எல்லோருக்கும் பொது.

கோட்டையூரில் இருக்கும் இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் காரைக்குடியில், செக்காலைப் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். கணவர் குழாய், வர்ணம், மின்சாமான்கள் விற்கும் கடை வைத்திருக்கிறார். மகளுக்கு இப்போது ஆறு வயது, மகனுக்கு மூன்று. மகன் பிறந்து, 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்து, நான் வேலைக்குத் திரும்பிய அந்த மாதங்களை இன்று நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது.

அன்றைக்கு எங்களிடம் இல்லாத வசதி ஒன்றுமில்லை என்றே சொல்ல வேண்டும். மாவரைக்க இயந்திரம், துணி துவைக்க இயந்திரம், பாத்திரம் துலக்க ஓர் அக்கா, பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இன்னோர் அம்மா என்று எல்லாம் இருந்தன. கணவரும் சும்மா இருப்பவர் அல்லர்; சொன்னால் செய்வார். ஆனால் சொல்ல வேண்டும். பால் பொடி இன்னும் மூன்று நாளுக்குத்தான் வரும் என்பதும், மகளின் காலணி பெருவிரலைக் கடிக்கிறது என்பதும், திங்கட்கிழமை மஞ்சள் சட்டை போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்பதும், மகனுக்கு 16 மாதம் நிறைந்தால் அடுத்த தடுப்பூசி என்பதும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவின் ஊரில் வரும் வெள்ளிக்கிழமை காப்புக்கட்டு, அவர் வரமாட்டார் என்பதும், உயிரணுப் பிரிவைப் பற்றி நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே என் தலைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோகும். இவற்றில் எதையேனும் நான் மறந்துவிட்டால், “சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே” என்பார் கணவர். உண்மையாகவே செய்திருப்பார். சொல்வதும் ஒரு வேலை என்பதை அவருக்கு உணர்த்தும் வார்த்தை அப்போது எனக்கு வாய்க்கவில்லை.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ஆம் ஆண்டில் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். பிள்ளைகளையும் முதியவர்களையும் பராமரிக்கும் நேரம் இதில் சேராது. அது பெண்களுக்கு 134 நிமிடம், ஆண்களுக்கு 76 நிமிடம். இந்த எண்களைப் படித்தபோது எனக்கு வியப்பு எழவில்லை. ஆனால், அடுப்பைத் துடைப்பதையும் துணி மடிப்பதையும் கடிகாரம் வைத்து அளந்துவிடலாம்; துணி மடிக்கும்போதே ‘இந்தச் சட்டை அடுத்த மாதம் பற்றாது’ என்று மனம் குறித்துக்கொள்கிறதே, அதை எந்தக் கடிகாரத்தில் அளப்பது என்ற கேள்வி மட்டும் நெடுநாள் என்னோடு இருந்தது.

அதற்கு விடை ஒரு கசப்பான நாளில் வந்தது. மகள் அப்போது எல்.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வியாழக்கிழமை அரைநாள் மட்டுமே வகுப்பு என்று முந்தைய மாலையே வாட்ஸ்அப்பில் தகவல் வந்துவிட்டது. நான் பார்த்தேன், கணவரும் பார்த்தார். கடை பக்கத்தில் இருப்பதால் அவர் போய் அழைத்துக்கொள்வார் என்று நான் நினைத்தேன். வழக்கமாக இப்படிப்பட்ட மாற்றங்களை நான்தான் ஏற்பாடு செய்வேன் என்பதால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவை அனுப்பியிருப்பேன் என்று அவர் நினைத்தார். இருவரும் அவரவர் வேலையில் இருந்தோம். நாற்பது நிமிடம் கழித்துப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்து நான் ஓடியபோது, மற்ற பிள்ளைகள் எல்லாம் போய்விட்ட வராந்தாவில், ஆயாம்மாவின் பக்கத்தில், தண்ணீர் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வண்டியில் ஏறி முன்னால் நின்றுகொண்டு, தெரு முனை வரை பேசாமல் வந்து, பிறகு கேட்டாள்: “ரெண்டு பேருமே என்னைய மறந்துட்டீங்களாம்மா?”

அன்றிரவு நானும் கணவரும் சண்டை போட்டோம். என் மீது தவறில்லை என்று நான் நிறுவினேன். அவர் மீது தவறில்லை என்று அவர் நிறுவினார். இரண்டு வாதங்களும் சரியாகவே இருந்தன. ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த என் மாமியார், பேரனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் மகனைப் பார்த்துச் சொன்னார்: “ரெண்டு பேரு பாத்த கணக்கு, ஒருத்தரும் பாக்காத கணக்குய்யா. அப்பச்சி இருந்திருந்தா இதத்தான் மொதல்ல கேட்டிருப்பாக. எந்தக் கணக்கு யாரு பேருல இருக்குன்னு.”

என் மாமனார் காலமாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. கடைசி நாள் வரை கணக்கு எழுதியவர். அன்றாட வரவு செலவு சிட்டையில் ஏறும். சிட்டையிலிருந்து பேர்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். ஆண்டு முடிவில் ஐந்தொகை போட்டுப் பார்ப்பார். நகரத்தார் வீடுகளில் இந்தப் பழக்கம் தொழிலோடு நின்றதில்லை. பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்கள் அண்டா முதல் கரண்டி வரை எழுதிவைக்கப்படும். பாத்திரங்களில் விலாசம் வெட்டியிருக்கும். பெட்டகத்தில் எந்தத் தட்டில் எது இருக்கிறது என்பதற்குக்கூட ஏடு இருக்கும். எங்கள் வீட்டில் இருக்கும் ஒரு பித்தளைச் செம்பில் என் மாமியாருடைய பாட்டியின் முதலெழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. எதுவும் யாருடையதும் இல்லாமல் கிடக்கலாகாது என்பது அந்தத் தலைமுறையின் உறுதி. ஒரு செம்புக்குக் காட்டிய அக்கறையை எங்கள் மகளின் அரைநாளுக்கு நாங்கள் காட்டவில்லை.

மறுநாள் கணவர் கடையிலிருந்து நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டுக் கொண்டுவந்தார். இடப்பக்கம் வேலை, வலப்பக்கம் பெயர். ஒரு வேலைக்கு ஒரு பெயர்தான் என்பது மாமியார் வகுத்த விதி. பெயர் உள்ளவர், அந்த வேலையின் தலையிலிருந்து வால் வரை பொறுப்பு. நினைவில் வைத்திருப்பது, வேண்டியதை வாங்குவது, செய்வது, செய்ய முடியாவிட்டால் வேறொருவரிடம் வாய்விட்டுச் சொல்லி ஒப்படைப்பது எல்லாம் அவருடையது. அடுத்தவர் நினைவூட்டக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. தடுப்பூசிக் கணக்கு கணவர் பேரில் ஏறிய பிறகும், மகனுக்கு 16 மாதம் நிறைந்த வாரத்தில் என் நாக்கு நுனியில் அந்தக் கேள்வி நின்றுகொண்டே இருந்தது. கேட்கவில்லை. அந்த வாரம் புதன்கிழமை அவரே கடையை அடைத்துவிட்டு மகனைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்வந்தார்; இரவு காய்ச்சல் வரலாம் என்று சொன்னதையும், மருந்தின் அளவையும் அவரே அட்டையின் பின்பக்கம் எழுதிவைத்திருந்தார். பின்னர் மகளுக்கு ஐந்து வயது ஊசியும் அப்படியே நடந்தது. எத்தனையோ காலமாக என் தலைக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு சக்கரம் அன்று நின்றதை நான் உடலால் உணர்ந்தேன்.

கோட்டையூருக்குத் திரும்பும் எண்ணம் அதன் தொடர்ச்சியாக வந்தது. இந்த வீடு எங்களுடையது மட்டுமன்று. ஐந்து புள்ளிகளுக்குப் பங்கு உண்டு. மற்ற நால்வரும் சென்னை, கோவை, மலேசியா என்று இருக்கிறார்கள். திருமணம், நோன்பு, மூதாதையருக்குப் படைக்கும் படைப்பு என்றால் வருவார்கள். நாங்கள் வந்து தங்கினால் வீடும் பூட்டிக் கிடக்காது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். நான் மட்டும் தயங்கினேன். பேரப்பிள்ளைகளை மாமியார் தலையில் கட்டிவிட்டு நான் வேலைக்குப் போவதாக ஆகிவிடுமோ என்ற தயக்கம் அது. அவரிடமே கேட்டேன். “ஒல ரெண்டா இருக்கட்டும் ஆத்தா. எம் பசிக்கு நீ காத்திருக்க வேணாம், ஒன் அவசரத்துக்கு நா ஓட வேணாம். வளவு ஒண்ணா இருந்தாப் போதும்,” என்றார். பிறகு நோட்டை வாங்கி, தம் பேரில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று அவரே சொன்னார். பகல் 12.30 மணி முதல் மாலை 4.30 மணி வரை பேரன் அவர் பொறுப்பு. விடியற்காலையில் அவரைக் கூப்பிடக் கூடாது. அது அவருடைய பூசை நேரம். சங்கடஹர சதுர்த்தியன்று அவர் பிள்ளையார்பட்டிக்குப் போவார். அன்று பகல் அவர் கணக்கில் இல்லை, பேரன் அப்பாவோடு கடையில் இருப்பான். முதியவர்களின் நேரத்தைக் கேட்காமல் எடுத்துக்கொள்வது நம் வீடுகளில் எவ்வளவு இயல்பாக நடக்கிறது என்பதை, அவர் சொல்லச் சொல்ல எழுதியபோதுதான் உணர்ந்தேன்.

காலை வேளைக்கு மகன் தெருக்கோடி அங்கன்வாடிக்குப் போகிறான். கல்லூரியில் படிப்பிப்பவள் பிள்ளையை பால்வாடியில் விடுகிறாளே என்று உறவினர் சிலர் வருந்தினார்கள். 1975 அக்டோபர் 2 அன்று நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் வழி வந்தவை இந்த அங்கன்வாடிகள். அங்கே இவனை நிறுத்தி எடை பார்த்து, உயரம் அளந்து, எழுதி வைக்கிறார்கள். பதினைந்து பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து, தன் தட்டைத் தானே கழுவப் பழகியிருக்கிறான். வீட்டில் ஊட்டிவிட்டால்தான் சாப்பிடுவான் என்று நான் நம்பிக்கொண்டிருந்த பிள்ளை அவன்.

இந்த வீடு சின்னப் பிள்ளைகளுக்கு எப்படி என்று கேட்பவர்களுக்கு இரண்டையும் சொல்ல வேண்டும். மகன் நடை பழகியது வளவில்தான். ஒரு தூணைக் கட்டிப்பிடித்து நின்று, அடுத்த தூணை உற்றுப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நான்கு எட்டு வைத்து அதைப் போய்க் கட்டிக்கொள்வான். இப்படித் தூண் தூணாக நான்கு பக்கமும் சுற்றிவர அவனுக்கு ஒரு மாதம் ஆயிற்று. ஆத்தங்குடிப் பூக்கல் பாவிய தரை கோடையிலும் காலுக்குக் குளிர்ச்சி. மழை பெய்தால் நாலாபுறத்து ஓட்டிலிருந்தும் முற்றத்துக்குள் தண்ணீர் இறங்கும். அண்டாவை நகர்த்தி வைப்பதற்கு முன் பிள்ளைகள் இறங்கியிருப்பார்கள். அதே வளவில் நிலைப்படி தடுக்கி விழுந்து அவன் உதடு கிழிந்தது. கிணற்றுக்கு இரும்பு வலை போட்டுப் பூட்டிய பிறகே நான் நிம்மதியாகக் கல்லூரிக்குப் போனேன். முட்டைப்பூச்சுச் சுவரில் மகள் வண்ணக்கோலால் ஒரு மயில் வரைந்துவிட்டாள். அதைத் துடைக்கத் துடைக்கப் பளபளப்புப் போய், அந்த இடம் மட்டும் மங்கிவிட்டது. பங்காளிகள் வந்தால் என்ன சொல்வார்களோ என்று நான் கவலைப்பட, மாமியார் அந்த இடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பழைய காலத்தை நான் மெழுகிப் பேச விரும்பவில்லை. எங்கள் பாட்டிமார் காலத்தில் ஆண்கள் பர்மா, மலேயா, இலங்கை என்று ‘கொண்டுவிக்க’, அதாவது தொழில் செய்யப் போவார்கள். ஒரு ‘கணக்கு’, அதாவது ஒரு தவணை, மூன்று ஆண்டு என்று பேசிப் போனவர் திரும்பும்போது, கைக்குழந்தையாக விட்டுப்போன பிள்ளை இவரை யாரென்று கேட்கும். பிள்ளை வளர்ப்பும், பெரியோரைப் பேணுவதும், கோயிலும் குளமும், சீரும் முறையும் முழுக்கப் பெண்கள் தலையில்தான் இருந்தன. ஆனால் அந்தப் பெண்களில் ஒருத்தியும் நான்கு சுவருக்குள் ஒற்றை ஆளாக ஒரு குழந்தையோடு அடைபட்டிருக்கவில்லை. வளவைச் சுற்றி ஐந்தாறு அடுப்படிகள். ஒருத்தி குளிக்கப் போனால் இன்னொருத்தியின் கண் பிள்ளை மேல் இருக்கும். அவரவர் கஞ்சி அவரவர் பாடு. பிள்ளை மட்டும் எல்லோர் பார்வையிலும். மாடி வீட்டில் நான் பறிகொடுத்திருந்தது அந்தப் பார்வையைத்தான்.

இப்போதைய காலைகள் அமைதியானவை என்று சொல்ல மாட்டேன். 7 மணி முதல் 8 மணி வரை வளவில் குரல் ஓயாது. ஆயினும் தேடல் குறைந்திருக்கிறது. மாமியார் பனையோலையில் முடைந்த இரண்டு கொட்டான்கள் முகப்புப் பக்கம் இருக்கின்றன. மகளின் கொட்டானில் அடையாள அட்டை, காலுறை, ரிப்பன். மகனின் கொட்டானில் ஒரு துண்டு, ஒரு மாற்றுக் கால்சட்டை. இரவு படுக்கப் போகுமுன் அவரவர் கொட்டானை நிரப்புவது அவரவர் வேலை. நோட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. மகன் பெயர் நோட்டில் ‘ராசா’ என்று இருக்கும். அவனுக்கு வைத்திருப்பது என் மாமனார் பெயர்; அதை நான் வாயால் சொல்வதில்லை, எழுதவும் கை வரவில்லை.

மாலைப் பலகாரமும் மாமியாரின் கணக்கன்று, அது என்னுடையது. அதை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமைகளில் வெள்ளைப் பணியாரம். ஓர் உழக்குப் பச்சரிசி அளந்து, அதே உழக்கின் தலையில் கோபுரமாக நிற்கும் அளவுக்கு உளுந்தைக் குவித்து, இரண்டையும் சேர்த்து ஊறவைத்து, நைய அரைத்து, கரண்டியால் எண்ணெயில் ஊற்றினால் ஓரம் முறுகாமல் வெள்ளையாக உப்பி வரும். உளுந்தைக் குவிப்பது மகளின் வேலை. ஒவ்வொரு பருப்பாக வைத்து, எந்தப் பருப்பில் கோபுரம் சரிகிறது என்று பார்ப்பாள். அரைமணி நேரம் போகும். வார நாள்களில் அந்த அரைமணியை அவளுக்குக் கொடுக்க என்னால் முடியாது. அதனாலேயே சனிக்கிழமையை வேறெதற்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

சென்ற பிள்ளையார் நோன்புக்கு ஐந்து புள்ளிகளும் வந்திருந்தார்கள். திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள், சஷ்டியும் சதயமும் கூடும் வேளையில் நாங்கள் கொண்டாடும் நோன்பு அது. புது வேட்டியிலிருந்து பிரித்த 21 நூல்களைச் சேர்த்துத் திரித்த திரி ஒன்றை, வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த இழைமாவில் வைத்து ஏற்றி, வீட்டில் மூத்தவர் எடுத்துக் கொடுக்க, ஒவ்வொருவரும் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆவாரம்பூவும் பொரியும் படைத்திருந்தோம். வளவில் முப்பது பேருக்கு மேல். என் கணவரின் பெரியப்பச்சி, எண்பதைக் கடந்தவர், வளவை ஒட்டிய பட்டகசாலையில் உட்கார்ந்து இழை எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஓர் இழை. கருவுற்றிருந்த கோயம்புத்தூர் மருமகளுக்கு மட்டும் வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து இரண்டு. பிறக்காத பிள்ளையும் விடுபடலாகாது. எண்ணி முடித்த பிறகும் அவர் நிமிர்ந்து, “யாரும் விட்டுப் போகலையே?” என்று இருமுறை கேட்டார். மகள் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பெயரை அழைத்ததும் ஓடிப்போய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். சுடர் நாக்கில் அணைந்ததும் கண்ணைத் திறந்து, சுற்றியிருந்த அத்தனை பேரையும் ஒருமுறை பார்த்தாள்.

நோட்டு இப்போது மூன்றாவது. முதல் இரண்டும் மாமனாரின் பேரேடுகளோடு பெட்டகத்தில் இருக்கின்றன. தூக்கிப் போட மாமியார் சம்மதிக்கவில்லை. சென்ற வாரம் நான் புரட்டியபோது, என் கையெழுத்தும் கணவர் கையெழுத்தும் அல்லாத ஒரு வரி, பென்சிலில், கோட்டுக்கு மேலும் கீழுமாக இருந்தது. ‘தம்பி நகம் வெட்டனும்’ என்று எழுதி, வலப்பக்கத்தில் ‘அப்பா’ என்று பெயரும் போட்டிருந்தாள். இரண்டு சுழி ‘ன’வை மூன்று சுழி ‘ண’வாகத் திருத்தலாமா என்று பென்சிலை எடுத்தேன், பிறகு அப்படியே வைத்துவிட்டேன். அன்றிரவு முகப்பு விளக்கடியில் மகனை மடியில் உட்காரவைத்துக் கணவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். மகள் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு விரலாக எண்ணிக்கொண்டிருந்தாள்.